துண்டுக்குள் ஒரு கீபோர்டு

கொச்சியின் மட்டாஞ்சேரி பஜாரில் ஒரு பொருள் வேண்டுமென்றால் முதலில் அதைத் திட்டத் தெரிய வேண்டும். மிளகு வாங்க வந்தவன் மிளகை உள்ளங்கையில் போட்டு உருட்டி, மோந்து பார்த்து, சாவுச் செய்தி கேட்டவன்போல முகத்தைத் தொங்கப் போடுவான். விற்கிறவனுக்கு மனசு குளிர்ந்துவிடும். சரி, இவன் வாங்கத்தான் வந்திருக்கிறான். ஒருவன் "நல்ல சரக்கு" என்று சொல்லிவிட்டால் போச்சு. அவன் ஓசிச் சாயா குடிக்க வந்தவன், குடித்துவிட்டு எழுந்து போய்விடுவான். பெண் பார்க்க வருகிறவர்களுக்கும் இங்கே இதே சட்டம்தான். பெண் லட்சணம், வீடு லட்சணம் என்று புகழ்ந்துவிட்டுப் போனால் அன்றைக்கு அந்த வீட்டில் யாருக்கும் சோறு இறங்காது. "பொண்ணு கொஞ்சம் குள்ளம்" என்று வந்தவர்களில் ஓர் அத்தை முணுமுணுத்துவிட்டால் மறுநாளே பந்தல்காரனுக்கு ஆள் போகும்.

பாக்கியலக்ஷ்மி இந்தப் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியை. சுக்கு மொத்த வியாபாரம். கணவர் போகும்போது இரண்டை விட்டுப் போனார்: ஒரு சுக்குக் கிட்டங்கி, அதன் மாடியில் ஒரு கல்யாணக் கச்சேரிக் குழு. சுக்கை அவர் எடை போட்டு நடத்தினார். கச்சேரிக் குழுவையும் அப்படியே நடத்தினார். அவருக்குப் பாட்டு பிடிக்குமா என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. பிடிக்கும் என்று அவர் சொன்னதில்லை என்பதால் பிடிக்கும் என்றுதான் பஜார் நம்பியது.

மாரிச்செல்வம் பகலில் கீழே சுக்குத் தரம் பிரிக்கிற பெண்களை மேற்பார்வை பார்ப்பான், சாயங்காலம் மாடியில் கீபோர்டு வாசிப்பான். தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த குடும்பம். தமிழ் பேசுவான், மலையாளம் படிப்பான், பொய் இரண்டிலும் சொல்வான். குழுவில் இன்னொரு கீபோர்டுக்காரனும் உண்டு. சஜி, வைப்பின் தீவிலிருந்து படகேறி வருகிறவன். பஜார்க் காற்று படாத பையன் என்பதால் மனசில் இருப்பதை அப்படியே சொல்லிவிடும் வியாதி அவனுக்கு இருந்தது.

குழுவின் பழைய கீபோர்டு ஒரு கொங்கணிக் கல்யாணத்தில் உயிரை விட்டது. நிம்மதியாகவும் விடவில்லை. ஒரு கட்டை உள்ளே போய் மாட்டிக்கொண்டு, மாலை மாற்றும்போது தொடங்கிய அந்த ஒற்றை ஸ்வரம் பாயசம் பரிமாறும் வரைக்கும் ஊளையிட்டது. இருந்த பாட்டையெல்லாம் அந்த ஊளைக்கு ஏற்றாற்போல வாசித்து ஒப்பேற்றினார்கள். மறுநாள் பாக்கியலக்ஷ்மி மாடிக்கு ஏறி வந்து சுக்கு மூட்டைமேல் உட்கார்ந்தார்.

"புதுசு ஒண்ணு வாங்கப் போறேன். ஒரு பெட்டி, ஒரு ஆள். ஒரே மேடையில ரெண்டு பேரை உக்கார வச்சு விசிறி விட முடியாது. பெட்டி வரட்டும், யாருன்னு அப்புறம் சொல்றேன்."

பெட்டி எது என்று முடிவானால் ஆள் யார் என்பதும் முடிவானதுபோலத்தான். எர்ணாகுளம் கடையில் இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்று கறுப்பு, மற்றது சிவப்பு. கறுப்பில் மூவாயிரத்துச் சொச்சம் சத்தங்கள் கம்பெனியிலிருந்தே போட்டு வந்திருந்தன. தாளம் அதுவே போடும், பின்னணி அதுவே வாசிக்கும். பொத்தானை அமுக்கத் தெரிந்தால் போதும். சஜிக்கு அது போதும். சிவப்பில் சத்தம் கொஞ்சம்தான், ஆனால் உள்ளே கிட்டங்கி மாதிரி இடம். வெளியே பதிவு செய்த சத்தங்களை அதில் ஏற்றி, எந்தக் கட்டையில் வேண்டுமானாலும் வைத்து வாசிக்கலாம். ஏற்றுவதற்கான சத்தங்கள் மாரிச்செல்வத்தின் சட்டைப் பையில், ஒரு பென்டிரைவில் இருந்தன.

மட்டாஞ்சேரியில் கல்யாணக் கச்சேரி என்றால் சும்மா இல்லை. திங்கட்கிழமை குஜராத்திக் கல்யாணம், கோலாட்டக் குச்சிச் சத்தம் வேண்டும். புதன்கிழமை தமிழ்க் கல்யாணம், நாதஸ்வரம் இல்லாவிட்டால் மாமனார் முறைப்பார். போர்ட் கொச்சி லத்தீன் கிறிஸ்தவர்களுக்கு பாண்டு வாத்தியத்தின் பெரிய டிரம் வயிற்றில் இடிக்க வேண்டும். மாப்பிளை முஸ்லிம்கள் வீட்டில், மணப்பெண்ணைச் சுற்றிப் பெண்கள் ஆடுகிற ஒப்பனைக்குக் கைதட்டல் வேண்டும், அதுவும் வளையல் குலுங்குகிற கைதட்டல். மாரிச்செல்வம் இத்தனையையும் வீடு வீடாகப் போய்ப் பதிவு செய்து வைத்திருந்தான். கைதட்டலுக்காகக் குழுவின் டிரம்காரன் யூசுப்பின் வீட்டுக்குப் போனபோது, அவனுடைய அத்தை, அம்மாயி என்பார்கள், அரிசிப் பத்திரியும் கறியும் தின்று முடிக்காமல் ஒரு தட்டும் தட்ட முடியாது என்று சொல்லிவிட்டார். மாரிச்செல்வம் எழுந்திருக்க முடியாமல் தின்ற பிறகுதான் ஏழு பெண்கள் அடுக்களையில் வட்டமாக நின்று தட்டினார்கள்.

ஆக, சிவப்பு வந்தால் மாரிச்செல்வம் மேடையில். கறுப்பு வந்தால் சஜி மேடையில், மாரிச்செல்வம் வாழ்நாள் முழுக்கச் சுக்கில்.

சஜி போனில் ஓர் ஒப்பீட்டுப் பட்டியலே வைத்திருந்தான்.

"பாருங்க சேட்டா, கறுப்புல பாலிஃபனி இருநூத்தி ஐம்பத்தாறு."

"அப்படின்னா?"

"ஒரே நேரத்துல இருநூத்தி ஐம்பத்தாறு ஸ்வரம் கேக்கும்."

"உனக்கு விரல் எத்தனை?"

சஜி கையைப் பார்த்துக்கொண்டான். "ரெவ்யூல சொன்னாரு சேட்டா."

அந்த ரெவ்யூக்காரரையும் மாரிச்செல்வம் பார்த்திருந்தான். காதில் பெரிய ஹெட்போன் மாட்டிய மனிதர். போன வாரம் கறுப்பைத் தடவிக்கொண்டு இதற்குமேல் ஒன்றும் வேண்டாம் என்றார். இந்த வாரம் சிவப்பைத் தடவிக்கொண்டு அதையே சொன்னார். இரண்டையும் ஒப்பிட்ட மூன்றாவது வீடியோவில், இரண்டுமே நல்லதுதான், எல்லாம் உங்கள் தேவையைப் பொறுத்தது என்று முடித்தார். பஜாரில் இப்படிப் பேசுகிறவனுக்கு இரண்டு பக்கமும் தரகு வாங்குகிறவன் என்று பெயர்.

மறுநாள் பாக்கியலக்ஷ்மி கிட்டங்கியில் சுக்கைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டே கேட்டார். "ஏண்டா மாரி, அந்தச் சிவப்பு எப்படி?"

எதிர்பார்த்த கேள்வி. மாரிச்செல்வம் முகத்தைத் தொங்கப் போட்டான். "அதை ஏன் கேக்கறீங்கக்கா. வெறும் சாக்கு. உள்ள ஒண்ணும் கிடையாது. பாக்கறதுக்கும் தீயணைப்பு வண்டி மாதிரி இருக்கு."

"கறுப்பு?"

"கறுப்பு ராஜா."

பாக்கியலக்ஷ்மி சஜியைக் கூப்பிட்டார். "மோனே, உனக்கு எது?"

"கறுப்புதான் சேச்சி. கறுப்புதான் எனக்கு வேணும்."

பாக்கியலக்ஷ்மி அவனைக் கண்ணிமைக்காமல் பார்த்தார். இவ்வளவு பெரிய நடிப்பை அவர் இந்தச் சின்ன வயசில் எதிர்பார்க்கவில்லை. "ரெண்டு பேரும் சிவப்புக்குத்தான் அடிச்சுக்கறானுங்க. அப்போ சிவப்புல என்னமோ இருக்கு" என்று தராசுக்காரனிடம் சொன்னார். தூரத்தில் நின்ற மாரிச்செல்வத்துக்கு அது காதில் விழுந்தது. சுக்கு வாசனைகூட அன்றைக்கு மல்லிகையாக இருந்தது.

மூவரும் படகில் எர்ணாகுளத்துக்குக் கிளம்பினார்கள். வெலிங்டன் தீவு தாண்டும்போது பாக்கியலக்ஷ்மி வியூகத்தைச் சொன்னார்.

"வாங்கப் போறது சிவப்பு. அதனால அதைத் தொடும்போது செத்த எலியைத் தொடற மாதிரித் தொடணும். கறுப்பைப் பார்த்தா மட்டும் வாயைப் பொளக்கணும். மாரி, கறுப்புல நீ வாசிக்கிற வாசிப்புல கடைக்காரன் அதுதான் நம்ம சரக்குன்னு மயங்கிடணும். அவன் கறுப்புக்கு விலையை ஏத்திட்டே இருப்பான், நம்ம சிவப்பைத் துண்டுக்குள்ள முடிச்சிடுவோம்."

துண்டு அவர் மடியில் இருந்தது. பஜாரில் விலையை வாயால் சொல்வதில்லை. இருவரும் துண்டுக்கு அடியில் கையை விட்டு, விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். சுற்றி நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. கடைசியில் முழுக்கையையும் சேர்த்துப் பிடித்துவிட்டால் கச்சவடம் முடிந்தது, விலை படிந்தாயிற்று, பிறகு பின்வாங்கக் கூடாது. இப்போது எல்லோரும் போனில்தான் பேசி முடிக்கிறார்கள். போனில் எதிராளியின் விரல் நடுங்குவது தெரியாது என்பதால் பாக்கியலக்ஷ்மி துண்டை விடவில்லை.

"சேச்சி, எனக்கு உண்மையிலேயே கறுப்புதான்..." என்று ஆரம்பித்தான் சஜி.

"போதும் மோனே. கடையில இதே மாதிரி பேசு. நல்லா வருது."

கடை முழுக்கக் கண்ணாடி, உள்ளே ஐஸ்பெட்டிக் குளிர். டை கட்டிய ஒரு பையன் ஓடி வந்தான். பெயர் அபிராம், ஊர் பாலக்காடு. வாடிக்கையாளர் சொல்வதை முழுசாகக் கேள், கேட்டதை நம்பு என்று அவனுக்கு மூன்று மாதம் பயிற்சி கொடுத்திருந்தார்கள். இப்படி ஒரு பயிற்சியோடு ஒருவன் மட்டாஞ்சேரிக்காரர்கள் முன்னால் நிற்பது ஆபத்து என்று அவனுக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது.

அபிராம் கறுப்பில் முதல் சத்தத்தை அமுக்கினான். பியானோ. கண்ணாடியெல்லாம் சிலிர்த்தது.

"மேல்மூட்டை எப்பவும் நல்லாத்தான் இருக்கும். நடுவுல குத்து" என்றார் பாக்கியலக்ஷ்மி.

"மேடம்?"

"நடுவுலேர்ந்து ஒரு சத்தம் போடச் சொல்றாங்க தம்பி" என்றான் மாரிச்செல்வம். சாக்கில் குத்தூசி இறக்கி மாதிரிச் சரக்கு எடுக்கிற பழக்கம் அவருக்கு எங்கே போனாலும் விடாது.

ஆயிரத்து ஐந்நூறாவது சத்தத்தை அமுக்கினான். ஹெலிகாப்டர்.

"அடியில."

அடியில் இந்தியச் சத்தங்கள். 'ராயல் நாதஸ்வரம்' என்று திரையில் வந்தது. அமுக்கியதும், யாரோ வாத்தைக் கழுத்தில் பிடித்துத் தூக்கினாற்போலக் கேட்டது.

"அடிபொளி" என்றான் சஜி, உண்மையாகவே சொக்கிப்போய்.

மேலே மிளகு, அடியில் பப்பாளி விதை என்று பாக்கியலக்ஷ்மிக்குப் புரிந்துவிட்டது. "ஆகா, என்ன ஒரு சரக்கு" என்றார் சத்தமாக. பிறகு சிவப்பின் பக்கம் மூக்கைச் சுளித்துத் திரும்பினார். "இதுல எத்தனை?"

"இதுல சத்தம் குறைவு மேடம். ஆனா எக்ஸ்பேன்ஷன் இருக்கு. நம்மளே ரெக்கார்டு பண்ணி ஏத்திக்கலாம். முழுப் பாட்டையும் அடுக்கடுக்கா இதிலேயே பதிவு பண்ணி முடிச்சிடலாம், ஸ்டுடியோவே வேண்டாம்."

"அப்போ காலிச் சாக்கு."

"அப்படி இல்ல மேடம், உள்ள இடம்..."

"காலிச் சாக்குக்கு எவனாவது சரக்கு விலை சொல்லுவானா?"

மாரிச்செல்வம் இதற்குள் பென்டிரைவைச் சிவப்பின் முதுகில் செருகி, ஹெட்போனை மாட்டியிருந்தான். ஒரு கட்டையைத் தொட்டான். யூசுப் வீட்டு அடுக்களை காதுக்குள் திறந்தது. ஏழு பெண்களின் கை, அம்மாயியின் கனத்த வளையல், பின்னால் அடுப்பில் ஏதோ கொதிக்கிற சத்தம்கூட. இன்னொரு கட்டையில் கோலாட்டக் குச்சி. இன்னொன்றில் நாதஸ்வரம், மூச்சோடு. இத்தனை வருஷம் பையில் கிடந்தவை எல்லாம் விரலுக்கு அடியில் எழுந்து உட்கார்ந்தன. முகத்தைச் செத்த எலிக்கு உரிய மாதிரி வைத்துக்கொள்ள அவன் பட்ட பாடு கொஞ்சமில்லை. முகம் கட்டுப்பட்டது, கண் கட்டுப்படவில்லை. ஒரு சொட்டு வழிந்தது.

"சார், அவ்வளவு மோசமா?" என்று அபிராம் பதறினான்.

"ரொம்ப மோசம் தம்பி."

அபிராம் மனம் உடைந்து ஒரு டிஷ்யூ கொடுத்தான். மாரிச்செல்வம் கண்ணைத் துடைத்துக்கொண்டு கறுப்புக்குப் போனான், வியூகப்படி வாசித்தான். ஹெலிகாப்டரையும் வாத்தையும் ஒதுக்கிவிட்டு, மேல்மூட்டைப் பியானோவில் ஒரு ராகத்தை எடுத்து அவன் புரட்டிய புரட்டலில் பக்கத்துக் கவுண்டரில் கிட்டார் பார்த்துக்கொண்டிருந்த குடும்பம் எழுந்து நின்றது. ஏமாற்றுவதற்காக வாசிக்கும்போது அவன் எப்போதும் நன்றாக வாசிப்பான்.

"பார்த்தியா, இதுதான் மிஷின்" என்று ஊருக்கே கேட்கச் சொல்லிவிட்டு, பாக்கியலக்ஷ்மி அபிராமை ஓரமாகக் கூப்பிட்டார். துண்டை விரித்து அவன் கையை உள்ளே இழுத்தார். சிவப்புக்குத் தான் கொடுக்க நினைத்த முதல் விலையை, அநியாயத்துக்குக் குறைவான ஒரு விலையை, அவன் விரலில் அழுத்தினார்.

அபிராமுக்கு வியர்த்தது. பயிற்சியில் துண்டைப் பற்றி ஒன்றும் சொல்லித் தரவில்லை. பெரியம்மா வயசுக்காரர், கறுப்புப் பெட்டியில் மனம் நிறைந்து கை கொடுக்கிறார், வெட்கத்தில் துணி போட்டு மறைக்கிறார் என்று எடுத்துக்கொண்டான். மரியாதையாக, இரண்டு கையாலும், அவர் கையை முழுசாகப் பிடித்துக் குலுக்கினான்.

பாக்கியலக்ஷ்மி திகைத்துப் போனார். முதல் பேச்சிலேயே முழுக்கை. முப்பது வருஷ வியாபாரத்தில் இப்படி ஒரு முட்டாளை அவர் சந்தித்ததில்லை. சந்தோஷத்தை அடக்கிக்கொண்டு, ஏமாந்தவர்போல முகத்தை வைத்துக்கொண்டு, கேட்ட இடத்தில் கார்டைக் கொடுத்தார். எவ்வளவு இழுத்தார்கள் என்று அவர் பார்க்கவில்லை. கை கொடுத்தபின் பில்லைச் சரிபார்ப்பது எதிராளியை அவமதிப்பது. பெட்டி மறுநாள் வண்டியில் வரும் என்றார்கள்.

மறுநாள் மாடியில், சுக்கு மூட்டைகளுக்கு நடுவே, மாரிச்செல்வம் தன் கையாலேயே அட்டையைக் கிழித்தான். உள்ளே கறுப்பு.

பாக்கியலக்ஷ்மி போனைப் போட்டார். அபிராமின் குரல் மாடி முழுக்கக் கேட்டது. "மேடம், நீங்க மூணு பேரும் அதைத்தானே நல்லதுன்னு சொன்னீங்க. சிவப்பைத் தொட்டுட்டு அந்தச் சார் அழுதுட்டாரே மேடம். வேணும்னா மாத்திக்கலாம்."

"மாத்தறதா?" பாக்கியலக்ஷ்மியின் முகம் சுருங்கியது. "கை கொடுத்தாச்சு தம்பி. கொடுத்த கையைத் திருப்பி வாங்கினேன்னு தெரிஞ்சா நாளைக்கு எவன் என் துண்டுக்குள்ள கை விடுவான்?" போனை வைத்துவிட்டு மெல்லச் சொன்னார்: "சொன்னதை அப்படியே நம்பியிருக்கான். இப்படியும் ஒரு வியாபாரியா?"

சஜிக்குத் தலைகால் புரியவில்லை. பெட்டியைக் கட்டிப்பிடிக்காத குறை. "நான் இதைத்தானே சேச்சி கேட்டேன். இது போதும், எனக்கு இதே போதும்."

"பாவம்" என்றார் பாக்கியலக்ஷ்மி. "சிவப்பு வரலைன்னு உள்ளுக்குள்ள அழுதுட்டு, எப்படிச் சிரிக்கிறான் பாரு."

மாரிச்செல்வம் கணக்குப் போட்டான். பெட்டி கறுப்பு, ஆகவே ஆள் சஜி. இனி கல்யாண சாயங்காலங்களில் தன் இடம் கீழே, முறத்துக்குப் பக்கத்தில். அந்த நிலைமையில்தான் அவன் அதுவரை செய்யாத ஒரு காரியத்தைச் செய்தான்.

"அக்கா, நான் உண்மையைச் சொல்லிடறேன்."

தராசுக்காரன் நிமிர்ந்து பார்த்தான். பஜாரில் இந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டுத்தான் பெரிய பெரிய பொய்களை ஆரம்பிப்பார்கள்.

"எனக்கு இந்தக் கறுப்பு வேண்டவே வேண்டாம். இது வாத்து. ஒரு மாசத்துல கல்யாணவீட்டுக்காரங்க நம்மளை அடிக்க வருவாங்க. எனக்கு வேண்டியது சிவப்புதான். ஆரம்பத்திலிருந்தே சிவப்புதான். என் பென்டிரைவு இதுல ஏறாதுக்கா. தயவு செஞ்சு மாத்திக் கொடுங்க."

பாக்கியலக்ஷ்மி சிரித்தார்.

"டேய், நான் என்ன வைப்பின்காரியா? முதல்ல சிவப்பைத் திட்டினே, சரி, சிவப்பு வேணும்னு எடுத்துக்கிட்டேன். கடையில போய்க் கறுப்பைத் தொட்டே, ஊரே எந்திரிச்சு நிக்கிற மாதிரி வாசிச்சே, மனசு மாறிடுச்சு. இப்போ கறுப்பை இந்தத் திட்டுத் திட்டறே. வேணுங்கறதைத் திட்டாம நீ வேற எதைத் திட்டுவே? அட, கண்ணுல தண்ணி வேற. போ, போய் உக்காரு. பெட்டி உனக்குத்தான்."

"இல்லக்கா, சத்தியமா..."

"சத்தியம் வேற பண்றான் பாரு. அவ்வளவு ஆசை."

சஜி அப்படியே மூட்டைமேல் சரிந்தான். மாரிச்செல்வம் கறுப்பின் முன்னால் உட்கார்ந்தான். கேட்ட இடம் கிடைத்துவிட்டது, அதில் கேட்ட பெட்டி இல்லை. பையிலிருந்த பென்டிரைவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். அது வெறும் சாவிக்கொத்துபோலக் கிடந்தது.

அடுத்த கல்யாணம் யூசுப்பின் அக்கா மகளுக்கு. மத்தியானம் மண்டபத்தில் ஒப்பனை. மணப்பெண்ணைச் சுற்றிப் பெண்கள் வந்து நின்றதும் யூசுப் கண்காட்டினான். மாரிச்செல்வம் இந்தியப் பக்கத்தில் கைதட்டலைத் தேடி அமுக்கினான். தகரக் கூரையில் மழை கொட்டினாற்போலக் கேட்டது. பெண்கள் எந்தத் தாளத்தில் அடி வைப்பது என்று தெரியாமல் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். அம்மாயி மேடைக்கே வந்துவிட்டார்.

"மாரியே, எங்க அடுக்களையில வந்து பத்திரி தின்னது நீ. கை தட்டினது நாங்க. இப்போ எவளோட கையைக் கொண்டாந்து வச்சிருக்கே?"

அவன் கைதட்டலை நிறுத்தினான். எதிரில் முதல் வரிசையில் பாக்கியலக்ஷ்மி சாயா டம்ளரோடு உட்கார்ந்திருந்தார். இடைவேளையில் அவரிடம் போனான். உண்மையைச் சொன்ன சஜிக்கும் கேட்டது கிடைக்கவில்லை, உண்மையைச் சொன்ன தனக்கும் கேட்டது கிடைக்கவில்லை என்று இத்தனை நாளும் யோசித்து அவன் ஒரு முடிவுக்கு வந்திருந்தான். உண்மை என்பது பழக்கமில்லாதவன் கையில் எடுக்கிற சாமான் அல்ல.

"எப்படிடா இருக்கு பெட்டி?" என்றார்.

"இந்த மாதிரி மிஷின் கொச்சியிலேயே கிடையாதுக்கா" என்றான் அவர் கண்ணைப் பார்த்து.

"அப்படியா?"

"நாதஸ்வரம் தேன். கைதட்டல் முத்து உதிர்ற மாதிரி. சாகற வரைக்கும் எனக்கு இது போதும். இதுக்கு மேல ஒண்ணும் வேண்டாம்."

பாக்கியலக்ஷ்மியின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. டம்ளரைக் கீழே வைத்தார். "அவ்வளவு தூரம் போயிடுச்சா?" என்றார் கவலையோடு. மேடையில் அம்மாயி இன்னும் கறுப்பின் முன்னால் இடுப்பில் கை வைத்து நிற்பதைப் பார்த்தார். அம்மாயிக்கு இன்னும் இரண்டு பேத்திகள் கல்யாணத்துக்கு நிற்கிறார்கள் என்பதும் அவருக்குத் தெரியும்.

"அந்த டை கட்டின பையனுக்குப் போன் போடு. நாளைக்குத் துண்டோட வர்றேன்னு சொல்லு."

"அப்போ இந்தக் கறுப்பை என்ன பண்றதுக்கா?"

"சஜிக்குக் கொடுத்திடலாம். ஒரே நாள்ல ரெண்டு கல்யாணம் வந்தா ஒண்ணைத் திருப்பி அனுப்ப வேண்டாமே. காலையிலிருந்து மேடைக்குப் பின்னால நின்னு அதைத் திட்டிட்டே இருக்கான். காலிச் சாக்குங்கறான், பப்பாளி விதைங்கறான்." அவர் குரலில் ஒரு தாயின் பெருமை இருந்தது. "பையன் தேறிட்டான்."

மாரிச்செல்வம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு மேடைக்குத் திரும்பி நடந்தான். சந்தோஷம் கொஞ்சம் வெளியே தெரிந்தால் மறுபடியும் கறுப்பே வந்துவிடும்.